சாலையில் செவியின் காவல்

ஓடும்போதும், நடக்கும்போதும், மிதிவண்டி மிதிக்கும்போதும் காதில் ஹெட்போன் அணிவது எவ்வளவு பாதுகாப்பானது என்பதே இன்றைய உரையின் பொருள். தலைக்கு மேல் வளைந்து இரு காதுகளையும் மூடும் பெரிய கருவி, செவித்துளைக்குள் செருகும் இயர்போன், கம்பியில்லாத இயர்பட்ஸ், கழுத்தில் கிடக்கும் நெக்பேண்ட் ஆகிய அனைத்தையும் ஹெட்போன் என்ற சொல்லே இவ்வுரையில் குறிக்கும்.

பொழுது புலர்வதற்கு முன்பே மெரினாவிலும், பெசன்ட் நகர்க் கடற்கரையிலும், கோவை ரேஸ்கோர்ஸ் நடைபாதையிலும் நடப்போர் கூட்டம் திரண்டுவிடுகிறது. 2023-ஆம் ஆண்டு தமிழ்நாடு அரசு மாவட்டந்தோறும் 8 கிலோமீட்டர் நடைப்பயிற்சிப் பாதையை அமைக்கும் திட்டத்தைத் தொடங்கியபோது, நடை என்பது மருத்துவர் எழுதித்தரும் அறிவுரையாக மட்டும் இல்லாமல் அரசின் நலக்கொள்கையாகவும் ஆயிற்று. நடப்போர் பெருகியிருக்கிறார்கள், அவர்களுள் காதில் கருவியோடு நடப்போரும் பெருகியிருக்கிறார்கள். அப்படிப் போகலாமா, கூடாதா? எல்லா இடத்துக்கும் பொருந்தும் ஒரே விடையை எதிர்பார்ப்போருக்கு இவ்வுரை ஏமாற்றம் தரக்கூடும். ஏனெனில் விடை கருவியில் இல்லை, இடத்தில் இருக்கிறது. பின்னாலிருந்து ஆபத்து வரக்கூடிய இடம் எதுவோ, அந்த இடத்தில் செவி மூடப்படக் கூடாது. இவ்வுரை நிறுவ முயல்வது இந்த ஒன்றையே.

முதலில் செவியின் வேலையை எண்ணிப் பார்க்க வேண்டும். கண் முன்னே உள்ளதைப் பார்க்கிறது. பக்கவாட்டிலும் ஓரளவு பார்க்கிறது. முதுகுக்குப் பின்னே என்ன நடக்கிறது என்பதை அது அறியாது. கண்ணுக்கு இமை உண்டு. செவிக்கு இமை இல்லை. உறங்கும்போதும் திறந்திருக்கும் அந்தப் புலன் நான்கு திசைகளிலிருந்தும் ஒரே நேரத்தில் செய்தி பெறுகிறது. வலப்பக்கத்தில் எழுந்த ஒலி வலக்காதை முதலில் அடைந்து, இடக்காதை ஒரு நொடியின் ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவான காலம் தாழ்த்தி அடைகிறது. அந்த நுண்ணிய இடைவெளியைக் கொண்டும், தலை குறுக்கே நிற்பதால் ஒரு காதில் ஒலி சற்றுத் தணிந்து கேட்பதைக் கொண்டும் மூளை திசையைக் கணிக்கிறது. ஒலி முன்னாலிருந்து வருகிறதா பின்னாலிருந்து வருகிறதா என்பதை அறிவதற்குக் காது மடலின் மடிப்புகள் துணைசெய்கின்றன. செவித்துளையை அடைத்துவிட்டால், ஒலி எங்கோ கேட்டாலும், எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்று பிரித்தறியும் திறன் குன்றிவிடுகிறது.

இந்தத் திறன் எவ்வளவு பயன் தருகிறது என்பதை ஓர் எளிய கணக்கு காட்டும். மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் வரும் வண்டி ஒரு நொடியில் ஏறத்தாழ 17 மீட்டர் கடக்கிறது. சாலையோரம் நடப்பவர் அந்த வண்டியின் இரைச்சலை 50 மீட்டர் தொலைவிலேயே கேட்டுவிட்டால், அவருக்கு ஏறத்தாழ மூன்று நொடி கிடைக்கிறது. திரும்பிப் பார்க்கலாம், ஓரம் ஒதுங்கலாம். அதே இரைச்சல் 15 மீட்டருக்குள் வந்த பிறகுதான் காதில் விழுகிறது என்றால், கிடைப்பது ஒரே ஒரு நொடி. ஒலியை உணர்ந்து, பொருளறிந்து, காலை எடுத்து வைப்பதற்கே அந்த ஒரு நொடி செலவாகிவிடும். பறிபோவது அந்த இரண்டு நொடிதான். ஆனால் உயிர் தங்குவதும் பிரிவதும் அந்த இரண்டு நொடியில்தானே?

ஹெட்போன் இந்த இரண்டு நொடியை எப்படிப் பறிக்கிறது? மூன்று வழிகளில் பறிக்கிறது. முதலாவது வழி அடைப்பு. செவித்துளைக்குள் இறுக்கமாகப் பொருந்தும் ரப்பர் முனை, பாட்டு ஓடாதபோதும் வெளியொலியைத் தணித்துவிடுகிறது. இரண்டாவது வழி மறைப்பு. ஓர் ஒலி மற்றோர் ஒலியைக் கேட்கவிடாமல் செய்வதை ஒலியியலார் மறைப்பு என்பர். சுருதி தாழ்ந்த ஒலி சுருதி உயர்ந்த ஒலியை எளிதில் மறைக்கும், சுருதி உயர்ந்த ஒலி தாழ்ந்த ஒலியை அவ்வளவு எளிதில் மறைக்காது. ஆகவே தாளக்கருவிகள் அதிரும் பாட்டொன்று காதுக்குள் முழங்கும்போது, பின்னால் வரும் மிதிவண்டியின் மணியோசை அதற்கடியில் அமிழ்ந்துபோகிறது. மூன்றாவது வழி கவனத்தின் விலகல். ஒலி காதுக்கு வந்து சேர்ந்திருக்கும். மனம் அதை வாங்கியிராது. இம்மூன்றுள் நுட்பமானதும், கருவியை மாற்றினாலும் தீராததும் இந்த மூன்றாவதேயாகும்.

அதை விளக்குவதற்கு முன், இன்று பெரிதாக விளம்பரப்படுத்தப்படும் இரைச்சல் நீக்கும் வசதியைப் பற்றி ஒரு சொல். வெளியொலியை நுண்ணிய மைக் ஒன்று வாங்க, அதற்கு நேர் எதிரான அலையைக் கருவியே உண்டாக்கி, இரண்டையும் ஒன்றையொன்று அழிக்கச் செய்யும் ஏற்பாடு அது. 1978-இல் விமானப் பயணம் ஒன்றின்போது எந்திர இரைச்சலால் தொல்லையுற்ற அமர் போஸ் என்னும் பேராசிரியர் இக்கருத்தில் உழைக்கத் தொடங்கினார்; அவருடைய நிறுவனம் 1989-இல் விமானிகளுக்கான ஹெட்செட்டை விற்பனைக்குக் கொண்டுவந்தது. தாழ்ந்த, இடைவிடாத உறுமலை நீக்குவதில் இந்த ஏற்பாடு வல்லது. விமானத்துக்குள் எந்திரத்தின் உறுமல் தொல்லை. சாலையிலோ எந்திரத்தின் உறுமல் செய்தி. லாரி வருகிறது, பேருந்து வருகிறது என்று சொல்லும் செய்தியை, தொல்லை என்று எண்ணித் துடைத்துவிடும் கருவியைச் சாலையோரம் அணிவது தகுமா என்பதை அணிவோர் எண்ண வேண்டும்.

இனிக் கவனத்தைப் பற்றிக் காணலாம். 1953-இல் காலின் செரி என்னும் ஆய்வாளர் ஒரு சோதனையின் முடிவுகளை வெளியிட்டார். கேட்போரின் ஒரு காதில் ஒரு பேச்சும் மறு காதில் வேறொரு பேச்சும் ஒலித்தன. ஒரு காதில் கேட்பதை உடனுக்குடன் திருப்பிச் சொல்லுமாறு அவர்கள் பணிக்கப்பட்டார்கள். மறு காதில் ஆங்கிலம் நின்று ஜெர்மன் மொழி ஒலிக்கத் தொடங்கியதையே அவர்கள் அறியவில்லை. ஆண் குரல் பெண் குரலாக மாறியபோதோ ஏதோ மாறியது என்று உணர்ந்தார்கள். காது திறந்திருந்தது, ஒலி உள்ளே போயிற்று, ஆனால் மனம் வேறிடத்தில் இருந்தது. ஒரு காதில் மட்டும் இயர்பட் அணிந்தால் போதாதா என்று கேட்போருக்கு இந்தச் சோதனை பாதி விடை தருகிறது: அடைப்பு குறையும், மறைப்பு குறையும்; கவனத்தின் விலகலுக்கு அதனால் மருந்து கிடைக்காது.

மற்றப் பாதி விடையை அமெரிக்காவின் மேற்கு வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் நடந்து, 2009-இல் வெளியான ஆய்வு தருகிறது. பல்கலைக்கழக வளாகத்தில் மாணவர்கள் நடந்து கடக்கும் பாதைக்கு அருகே, கோமாளி உடையணிந்த ஒருவர் ஒற்றைச் சக்கர வண்டியில் சுற்றிக்கொண்டிருந்தார். கடந்துசென்றவர்களிடம் அவரைப் பார்த்தீர்களா என்று கேட்டபோது, கைபேசியில் பேசிக்கொண்டு சென்றவர்களுள் 25 விழுக்காட்டினர்தாம் ஆம் என்றனர். பாட்டுக் கேட்டுக்கொண்டு சென்றவர்களுள் 61 விழுக்காட்டினர் பார்த்திருந்தனர். எதுவுமின்றித் தனியே நடந்தவர்களுள் 51 விழுக்காட்டினர் பார்த்திருந்தனர். இதன் பொருள் என்ன? பாட்டு கண்ணின் கவனத்தைப் பெரிதாகப் பறிக்கவில்லை, கைபேசி உரையாடலே பறித்தது. பாட்டு மறுமொழியை எதிர்பார்க்காது, பேசுபவர் மறுமொழிக்குக் காத்திருப்பார். பழகிய பாட்டைக் கேட்டு நடப்பதும், அலுவலகத்துச் சிக்கலைத் தொலைபேசியில் தீர்த்துக்கொண்டே சாலையைக் கடப்பதும் ஒன்றல்ல.

ஆயினும் பாட்டு தீங்கற்றது என்று முடிவுகட்டிவிட இயலாது. 2012-இல் அலபாமாப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 138 மாணவர்களைக் கணினியில் உருவாக்கிய சாலையைக் கடக்கச் செய்தபோது, பாட்டுக் கேட்டவர்களும் குறுஞ்செய்தி தட்டியவர்களும் கவனச்சிதறல் இல்லாதவர்களைவிட மிகுதியாக அந்தப் போலி வண்டிகளில் அடிபட்டார்கள். அதே ஆண்டில் மேரிலாண்ட் பல்கலைக்கழகத்து மருத்துவர்கள், 2004 முதல் 2011 வரை அமெரிக்காவில் ஹெட்போன் அணிந்து நடந்தவர்கள் வண்டியிலோ ரயிலிலோ அடிபட்ட 116 நிகழ்வுகளைத் திரட்டி ஆராய்ந்தார்கள். அவற்றுள் ஏறத்தாழ 70 விழுக்காடு உயிரிழப்பில் முடிந்தன. அடிபட்டவர்களுள் மூன்றில் இரு பங்கினர் முப்பது வயதுக்கு உட்பட்டவர்கள். மோதியவற்றுள் பாதிக்கு மேல் ரயில்கள். பத்தில் மூன்று நிகழ்வுகளில், மோதுவதற்கு முன் எச்சரிக்கை ஒலி எழுப்பப்பட்டிருந்ததாகவே பதிவு இருக்கிறது. இந்தத் தொகுப்பு ஹெட்போனே காரணம் என்று மெய்ப்பிக்கவில்லை. ஆய்வாளர்களும் அப்படிச் சொல்லவில்லை. ஆனால் ஒலி எழுப்பியும் பயனில்லாமற்போன அந்தப் பத்தில் மூன்று, சிந்திப்போர் எவரையும் நிறுத்தி வைக்கும் எண்ணிக்கையாகும்.

ரயில் ஏன் இவ்வளவு முன்னே நிற்கிறது? சாலையில் வரும் வண்டிக்கு ஒதுங்கும் வழி உண்டு, ரயிலுக்கு இல்லை. பேருந்து சில பத்து மீட்டரில் நின்றுவிடும். முழு வேகத்தில் வரும் நீண்ட ரயிலுக்கு அவசரத் தடையைப் போட்ட பிறகும் நிற்பதற்குப் பல நூறு மீட்டர் தேவைப்படும், சரக்கு ரயிலுக்கு அதனினும் மிகுதியாகத் தேவைப்படும். மின்சார ரயில், பழைய நீராவி எந்திரம் போல ஊரைக் கூட்டிக்கொண்டு வருவதில்லை; எதிரே நிற்பவருக்கு அதன் ஓசை மிகத் தாமதமாகவே வலுத்துக் கேட்கிறது. சென்னையில் கடற்கரை நிலையத்திலிருந்து தாம்பரம் வழியாகச் செல்லும் புறநகர்ப் பாதையில் பல தண்டவாளங்கள் அருகருகே ஓடுகின்றன. ஒரு தண்டவாளத்தில் ரயில் போய்விட்டது என்று கடக்க முற்படுபவரை மறு தண்டவாளத்தில் வரும் ரயில் எதிர்கொள்கிறது. காதில் பாட்டோடு தண்டவாளத்தைக் கடந்தவர் மாண்டார் என்ற செய்தி தமிழ்நாட்டுச் செய்தித்தாள்களுக்குப் புதியதன்று. தண்டவாளத்தில் அத்துமீறி நடப்பது 1989-ஆம் ஆண்டு ரயில்வே சட்டத்தின் 147-ஆம் பிரிவின்படி ஆறு மாதம் வரை சிறைத் தண்டனைக்கோ, ஆயிரம் ரூபாய் வரை அபராதத்துக்கோ உரிய குற்றம். சட்டத்துக்கு அஞ்சாவிடினும் உயிருக்கு அஞ்சியாவது மேம்பாலத்தின் படிகளை ஏறிக் கடப்பதே அறிவுடைமை.

இனி இந்த மண்ணின் சாலைக்கு வரலாம். 2022-இல் இந்தியச் சாலைகளில் உயிரிழந்தோர் 1,68,000 பேருக்கு மேல் என்று மத்திய அரசின் அறிக்கை கூறுகிறது. அவர்களுள் ஏறத்தாழ ஐந்தில் ஒருவர் நடந்து சென்றவர். நடைபாதை இல்லாத தெரு, நடைபாதை இருந்தும் கடைகளும் வண்டிகளும் அதை ஏறி மறித்திருக்கும் தெரு, தவறான திசையில் வரும் இருசக்கர வண்டி, மழைநீர் வடிகாலுக்காக வெட்டி மூடாத பள்ளம் ஆகிய இவற்றுக்கு நடுவேதான் இங்கே ஒருவர் நடக்க வேண்டியிருக்கிறது. அதனினும் முக்கியமானது ஒன்று உண்டு. இந்நாட்டுச் சாலை ஹார்ன் ஒலியால் பேசிக்கொள்ளும் சாலை. லாரியின் முதுகிலேயே ஹார்ன் அடிக்கச் சொல்லி எழுதியிருக்கிறது. பிற நாடுகளில் கோடுகளும் விளக்குகளும் செய்யும் வேலையை இங்கே ஹார்ன் செய்கிறது: வருகிறேன் என்பதும், முந்துகிறேன் என்பதும், ஒதுங்கு என்பதும் ஒலியாகவே வருகின்றன. அது நல்ல வழக்கமா என்பது வேறு கேள்வி. ஆனால் எல்லாரும் ஒலியால் பேசும் இடத்தில் ஒருவர் மட்டும் செவியை மூடிக்கொண்டால், அவருக்கான செய்திகள் எல்லாம் அவரைச் சேராமலே போய்விடுகின்றன.

சாலை மற்றொரு விதத்திலும் மாறிவருகிறது. மின்சார ஸ்கூட்டரும் மின்சாரக் காரும் ஓசையின்றி வருகின்றன. பார்வையற்றோர் அமைப்புகள் இந்த ஆபத்தை முதலில் உணர்ந்து குரல்கொடுத்தன. அதன் பயனாக 2010-இல் அமெரிக்க நாடாளுமன்றம் நடப்போர் பாதுகாப்புக்கான சட்டமொன்றை இயற்றியது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2021 ஜூலை முதல் விற்பனைக்கு வரும் புதிய மின்சாரக் கார்கள் அனைத்தும் மணிக்கு 20 கிலோமீட்டர் வேகம் வரை செயற்கையாக ஓசை எழுப்பியாக வேண்டும். வண்டிகள் ஒலி எழுப்ப வேண்டும் என்று உலகம் சட்டம் இயற்றிக்கொண்டிருக்கும் காலத்தில், அந்த ஒலியைக் கேட்க வேண்டிய செவி மூடியிருப்பது எவ்வளவு பெரிய முரண்!

அவையோரே, எதிர்த்தரப்பின் வாதங்களையும் எடை போட வேண்டும். இசை உடற்பயிற்சிக்கு உதவுகிறது என்பது முதல் வாதம், அது உண்மையே. மிதமான வேகத்தில் ஓடும்போது இசை களைப்பு உணர்வைக் குறைக்கிறது. தாளத்தோடு கால் இசைந்து செல்கிறது. எத்தியோப்பியாவின் ஹைலே கெப்ரெசெலாசி 1998-இல் பர்மிங்காம் உள்ளரங்கில் 2000 மீட்டர் ஓட்டத்தில் உலகச் சாதனை படைத்தபோது, அவர் விரும்பிய ஸ்காட்மேன் என்னும் பாடல் அரங்கின் ஒலிபெருக்கியில் முழங்கிக்கொண்டிருந்தது. ஆனால் அந்த ஓடுதளத்தில் தண்ணீர் லாரி வராது; பின்னாலிருந்து வரக்கூடியவர் மற்றொரு வீரரே. இசை ஓட்டத்துக்குப் பகை என்று எவரும் சொல்லவில்லை; இசைக்குப் பாதுகாப்பான களம் வேண்டும் என்பதே இவ்வுரையின் துணிபு. வள்ளுவர் வினை செய்வோருக்கென இடனறிதல் என்று ஓர் அதிகாரமே வகுத்தார். ஓட்டமும் ஒரு வினையே.

கார் ஓட்டுபவர் கண்ணாடியை ஏற்றிவிட்டுப் பாட்டுக் கேட்கிறாரே, அவரை யாரும் தடுப்பதில்லையே என்பது இரண்டாம் வாதம். நியாயமான கேள்விதான். ஆனால் அவருக்குப் பின்னால் பார்க்க மூன்று கண்ணாடிகள் இருக்கின்றன. அவரைச் சுற்றி இரும்புக்கூடு இருக்கிறது. நடப்பவருக்குச் சட்டை மட்டுமே இருக்கிறது. செவிப்புலன் இல்லாதோர் நடமாடவில்லையா, மிதிவண்டி ஓட்டவில்லையா என்பது மூன்றாம் வாதம். நடமாடுகிறார்கள், திறம்பட ஓட்டுகிறார்கள். கேளாதோர் தமக்குக் கேட்காது என்பதை அறிந்து, இளமை முதலே அடிக்கடி திரும்பிப் பார்க்கப் பழகியவர்கள். ஹெட்போன் அணிந்தவரோ கேட்கும் மனிதரின் பழக்கத்தோடு, கேளாத நிலையில் நடக்கிறார். கேளாமை அங்கே ஆபத்தாவதில்லை. கேளாமையை மறந்திருப்பதே இங்கே ஆபத்தாகிறது.

நான்காவதாக ஒரு வாதம் உண்டு. அது எல்லாவற்றினும் கனமானது. விபத்துச் செய்தியில் ஹெட்போன் அணிந்திருந்தார் என்ற ஒரு வரி வந்துவிட்டால், வண்டி எவ்வளவு வேகத்தில் வந்தது, நடைபாதை இருந்ததா, தெருவிளக்கு எரிந்ததா என்ற கேள்விகள் எல்லாம் அந்த வரிக்குள் புதைந்துவிடுகின்றன என்பது அது. இந்த எச்சரிக்கை முற்றிலும் சரியானது. செவியை மூடியவர் கவனக்குறைவு உடையவராக இருக்கலாம். அதனால் அவரை இடித்தவர் குற்றமற்றவராகிவிட மாட்டார். முதற்கடமை வேகமும் எடையும் உடையவருக்கே உரியது. தற்காப்பைப் பற்றிப் பேசுவது அந்தக் கடமையைத் தள்ளுபடி செய்வதாகாது.

சட்டம் என்ன செய்திருக்கிறது? 1979 ஜூலை முதல் நாள் ஜப்பானில் வாக்மேன் விற்பனைக்கு வந்த மூன்றே ஆண்டுகளில், அமெரிக்காவின் நியூ ஜெர்சியிலுள்ள உட்பிரிட்ஜ் நகரம் ஹெட்போனோடு சாலையைக் கடப்பதைக் குற்றமாக்கியது. அந்த முதல் வாக்மேனிலேயே, இசையைத் தணித்து, கருவியிலுள்ள மைக் வழியே அருகிலிருப்பவர் பேச்சைக் கேட்கச் செய்யும் ஆரஞ்சு நிறப் பொத்தான் ஒன்று இருந்தது என்பதும் இங்கே நினைக்கத் தக்கது. 2015 ஜூலை முதல் பிரான்ஸ் நாட்டில் வண்டி ஓட்டுபவரும் மிதிவண்டி ஓட்டுபவரும் காதில் கருவி அணிந்தால் 135 யூரோ அபராதம். கலிபோர்னியாவில் ஓட்டுபவர் இரு காதுகளையும் மூடுவது குற்றம்; ஒரு காதில் அணியலாம். நெதர்லாந்திலோ, மிதிவண்டி ஓட்டும்போது கைபேசியைக் கையில் பிடிப்பது 2019 ஜூலை முதல் குற்றமாயினும், காதில் பாட்டுக் கேட்பதற்குத் தடை இல்லை. அங்கே மிதிவண்டிக்கெனத் தனிப்பாதைகள் நாடெங்கும் பரந்திருக்கின்றன என்பதை நினைத்தால் அந்தத் தாராளம் வியப்பளிக்காது. பிரிட்டனில் தடகள அமைப்பு, போக்குவரத்து முழுமையாக நிறுத்தப்படாத சாலைகளில் நடக்கும் ஓட்டப் பந்தயங்களில் காதை மூடும் கருவியைத் தடுத்து, எலும்பு வழிக் கருவியை மட்டும் ஏற்றது. இவற்றை ஒருசேர நோக்கினால் தெளிவாவது என்ன? விதிகள் வேறுபடுகின்றன, விதிகளுக்கு அடியிலுள்ள அளவுகோல், சாலை எவ்வளவு பிரிக்கப்பட்டிருக்கிறது என்பதாக இருக்கிறது.

எலும்பு வழிக் கருவி என்பது, காதுக்கு முன்னுள்ள கன்ன எலும்பில் அமர்ந்து, அதிர்வை எலும்பின் வழியே உட்செவிக்குச் செலுத்துவது. செவித்துளை திறந்தே இருக்கும். வெளியொலியை மைக் வழியே வாங்கி உள்ளே அனுப்பும் வசதி இன்றைய இயர்பட்ஸ் பலவற்றில் இருக்கிறது. ஆனால் காற்று வேகமாக வீசும்போது அதில் இரைச்சல் மிகும். இவை அடைப்பைக் குறைப்பதால் நல்லவை. சத்தத்தைக் கூட்டினால் மறைப்பு மீண்டும் வரும். கவனத்தை எந்தக் கருவியும் காத்துத் தராது. சத்தத்தைக் கூட்டுவதில் வேறொரு கேடும் உண்டு. வாரத்துக்கு 40 மணி நேரம் வரை 80 டெசிபல் அளவு பெரியோர் செவிக்குப் பாதுகாப்பானது என்று உலகச் சுகாதார நிறுவனம் கூறுகிறது. 90 டெசிபல் ஆனால் அது 4 மணி நேரமாகச் சுருங்குகிறது. போக்குவரத்து இரைச்சலை வெல்வதற்காகப் பாட்டின் ஒலியை ஏற்றுகிறவர், இன்றைய பாதுகாப்போடு நாளைய செவியையும் செலவழிக்கிறார்.

ஆகவே நடப்போரும் ஓடுவோரும் மிதிப்போரும் கைக்கொள்ளத் தக்க நெறி எது? வண்டி நுழையாத பூங்காவிலும், விளையாட்டுத் திடலின் ஓடுதளத்திலும், வேலியிட்ட நடைபாதையிலும் மிதமான ஒலியில் பாட்டுக் கேட்பதில் பெரிய தீங்கில்லை. வண்டிகளோடு பகிர்ந்துகொள்ளும் தெருவில் இரு காதும் மூடப்படக் கூடாது. கட்டாயம் வேண்டுமெனில் ஒரு காதில் மட்டும் அணியலாம்; மிதிவண்டி ஓட்டுபவர் இடக்காதில் மட்டும் அணிய வேண்டும். ஏனெனில் இந்தியச் சாலையில் இடப்புறம் செல்லும் மிதிவண்டியை முந்தும் வண்டிகள் வலப்புறமாகவே வருகின்றன. நடைபாதை இல்லாத சாலையில் நடப்பவர் வலப்புறம் நடந்தால், அருகே வரும் வண்டிகள் கண்ணுக்கு எதிரே வரும். கிழக்குக் கடற்கரைச் சாலை போன்ற விரைவுச் சாலையில் மிதிவண்டி ஓட்டுபவர் எந்தக் கருவியும் அணியாதிருப்பதே சால்பு. சாலையைக் கடக்கும்போது தொலைபேசிப் பேச்சு நிறுத்தப்பட வேண்டும். இருள் பிரியாத வேளையில், தெருநாய்க்கும் சங்கிலி பறிப்போருக்கும் அஞ்ச வேண்டிய தெருவில், செவி திறந்திருக்க வேண்டும். தண்டவாளத்தருகே எந்தக் கருவியும், எந்த ஒலியளவும், எந்த விதிவிலக்கும் கூடாது.

தனிமனிதர் நெறி இவ்வளவே. ஆனால் நெறி அங்கே முடிந்துவிடக் கூடாது. செவியை மூடிக்கொண்டும் அச்சமின்றி நடக்கத்தக்க பாதை ஒவ்வொரு ஊரிலும் இருக்கிறதா? இல்லையெனில், ஹெட்போனைக் கழற்று என்று இளைஞரிடம் சொல்லும் பெரியோர், நடைபாதையைத் திற என்று நகராட்சியிடமும், வேகத்தைக் குறை என்று ஓட்டுநரிடமும், தண்டவாளத்துக்கு மேலே பாலம் கட்டு என்று ரயில்வேயிடமும் அதே உரத்த குரலில் சொல்ல வேண்டும். இரண்டையும் சொல்பவருக்கே ஒன்றைச் சொல்லும் உரிமை உண்டு. பாதைகள் திருந்தும் வரை செவி காவல் நிற்கட்டும். பாதைகள் திருந்தட்டும், அந்தக் காவலுக்கு ஓய்வு கிடைக்கட்டும்.